பல இடத்தில் அடிபட்டால் நட்டஈடு எப்படிக் கணக்காகிறது?



வழக்கமாக இந்த நேரத்தில் மல்லிகைக்கு மருந்தடிப்பது, முருங்கைக்குக் கவாத்து, பருத்திக்கு மேலுரம் என்று பேசுவோம். இன்றைக்குப் பேசப்போவது கோர்ட்டுக் கணக்கு. "வேளாண்மை ஆபீசருக்கும் கோர்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. ரோட்டில் அடிபட்டவர்களும் அவர்கள் வீட்டாரும் எங்கள் ஆபீசுக்கு வருகிறார்கள். "ஏக்கருக்கு என்ன வருமானம் வரும்னு ஒரு தாள் எழுதிக் கொடுங்க சார், வக்கீல் கேட்கிறார்" என்பார்கள். அவர்களோடு இரண்டு வார்த்தை பேசினால் ஒன்று தெரியவரும். கால் முறிந்ததைப் பற்றி விலாவாரியாகச் சொல்வார்கள். பிளேட் வைத்தது, ஸ்குரூ போட்டது எல்லாம் வரும். "கையில என்னம்மா, ரெண்டு விரல் மடங்கலையே?" என்று நாமாகக் கேட்டால், "அது சின்ன அடிதாங்க சார், விடுங்க" என்பார்கள். மனுவை வாங்கிப் பார்த்தால் அதிலும் விரல் இருக்காது.

பூப் பறிக்கிற கைக்கு அந்த விரல்தானே பிழைப்பு? பெருவிரலும் ஆட்காட்டி விரலும் கூடினால்தான் மொட்டைக் கிள்ள முடியும். விடியுமுன்னே காட்டுக்குப் போய்க் கிலோக் கணக்கில் பறிக்கிற ஓர் அம்மாவுக்குக் கால் முறிவு பெரிதா, விரல் பெரிதா என்பது எக்ஸ்ரே படத்தைப் பார்த்துச் சொல்கிற விஷயமல்ல. இன்றைய பேச்சின் சாரம் இதுதான். ஓர் உடம்பில் நாலு இடத்தில் அடிபட்டால் கோர்ட்டு அதை எப்படிச் சேர்த்துக் கணக்குப் போடுகிறது? அந்தக் கணக்கில் நம்முடையது எதுவும் விட்டுப்போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

நம்ம பக்கத்துக்கு இது ரொம்பவும் வேண்டிய விஷயம். மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாகக் கணவாய் இறங்கி ஆண்டிபட்டிக்கு வரும் ரோடு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். போடி, தேவாரம், கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் நெருக்கிக்கொண்டு மலையேறுகிற பெண்கள் எத்தனை பேர்! ஜீப் கவிழ்ந்தால் ஒரு காயத்தோடு தப்பிக்கிறவர்கள் குறைவு. கால், இடுப்பு, தோள்பட்டை, தலை என்று எல்லாம் சேர்ந்தே வரும்.

மோட்டார் வாகனத்தால் அடிபட்டவருக்கு நட்டஈடு தருவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதன் 166-ஆம் பிரிவில் மனுப் போட வேண்டும். 168-ஆம் பிரிவின்படி நீதிபதி "நியாயமான" தொகை எது என்று தீர்மானிப்பார். இந்தக் காயத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று சட்டத்தில் விலைப்பட்டியல் கிடையாது. சந்தையில் கத்தரிக்காய்க்கு ஒரு விலை, தக்காளிக்கு ஒரு விலை என்று கூட்டுகிற மாதிரி, காலுக்கு இத்தனை, கைக்கு இத்தனை என்று கூட்டுவார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை.

உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபர் 18-ஆம் தேதி ஒரு தீர்ப்புச் சொன்னது. அடிபட்டவர் டில்லிப் பக்கத்தில் பாலாடைக்கட்டி விற்றுப் பிழைத்த ஓர் இளைஞர். 1991-இல் விபத்து. இடது காலில் இரண்டு எலும்பும் முறிந்தது, இடது முன்கையிலும் ஓர் எலும்பு முறிந்தது. அந்த ஒரு தீர்ப்பில்தான் காய வழக்குகளுக்கான கணக்கு முறை முழுசாகத் தெளிவாக்கப்பட்டது. இன்றைக்கும் நாடு முழுவதும் தீர்ப்பாயங்கள் அதை வைத்துத்தான் நடத்துகின்றன. அதில் சொன்னபடி நட்டஈடு சில தலைப்புகளில் வருகிறது. ஆஸ்பத்திரி, மருந்து, வண்டிச் செலவு, சத்தான சாப்பாடு இவையெல்லாம் ஒரு தலைப்பு. படுக்கையில் கிடந்த நாளில் போன கூலி ஒன்று. நிரந்தர ஊனத்தால் இனிமேல் குறையப்போகிற சம்பாத்தியம் ஒன்று. இனி ஆகப்போகிற வைத்தியச் செலவு, உதாரணமாகப் பிளேட்டை எடுக்கிற ஆபரேஷன், அது ஒன்று. இவை பணமாக எண்ணக்கூடியவை. எண்ண முடியாதவையும் உண்டு. பட்ட வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை. வாழ்க்கையில் அனுபவிக்க முடியாமல் போனவற்றுக்கு ஒரு தொகை. கலியாண வாய்ப்புப் போனால் அதுவும் இதில் சேரும். ஆயுள் குறைந்தால் அதற்கும் தனி. சாதாரணக் காயத்துக்கு வைத்தியச் செலவு, போன கூலி, வலி வேதனை இந்த மூன்றோடு முடித்துவிடுவார்கள். காயம் கடுமையாக இருந்து, அதற்கு வைத்திய சாட்சியமும் இருந்தால்தான் மற்றத் தலைப்புகளுக்குள் போவார்கள்.

இந்தத் தலைப்புகளில் எது கூடும், எது கூடாது என்று பாருங்கள். வைத்தியச் செலவு கூடும். கால் ஆபரேஷன் பில் தனி, கை ஆபரேஷன் பில் தனி, இரண்டையும் கூட்டித்தான் கேட்க வேண்டும். ஆனால் போன கூலி கூடாது. காலுக்கு மூன்று மாதம், கைக்கு மூன்று மாதம் படுக்கை என்றாலும், இரண்டும் ஒரே படுக்கை. ஆறு மாதக் கூலி கேட்க முடியாது. வலிக்குத் தருகிற தொகையும் அப்படித்தான். நீதிபதி எலும்புக்கு எலும்பு விலை போடமாட்டார். எத்தனை முறிவு, எத்தனை ஆபரேஷன், எத்தனை நாள் ஆஸ்பத்திரி என்று மொத்தமாகப் பார்த்து ஒரே தொகை சொல்வார். ஆனாலும் ஒவ்வொரு முறிவும் அவர் கண்ணில் பட்டால்தானே அந்தத் தொகை ஏறும்?

இனி ஊனத்துக்கு வருவோம். பெரிய பணமும் பெரிய குழப்பமும் இங்கேதான்.

டாக்டர் சான்றில் "வலது கை 60 சதவீதம், இடது கால் 80 சதவீதம்" என்று இருந்தால் நாம் என்ன செய்வோம்? 140 என்று கூட்டுவோம். அந்தத் தீர்ப்பு இதே உதாரணத்தை எடுத்துக்கொண்டு, அப்படிக் கூட்ட முடியாது என்று சொல்கிறது. ஒரு முழு உடம்பின் ஊனம் நூற்றுக்கு மேல் போக வழியில்லை. கையின் 60 என்பது கையை மட்டும் நூறாக வைத்துச் சொன்னது. கால் 80 என்பது காலை மட்டும் நூறாக வைத்தது. முதலில் ஒவ்வொன்றையும் முழு உடம்புக்கு மாற்ற வேண்டும், பிறகுதான் சேர்க்க வேண்டும்.

சேர்ப்பதிலும் ஒரு முறை உண்டு. இதை நம்ம களத்துக் கணக்காகச் சொல்கிறேன். களத்தில் 100 கட்டு கிடக்கிறது. எலி புகுந்து நூற்றுக்கு 30 கட்டை வீணாக்கிவிட்டது. பிறகு மழை வந்து நூற்றுக்கு 20 வீதம் கெடுத்தது. மொத்த நட்டம் 50 கட்டா? இல்லை. மழை கெடுத்தது மிஞ்சின 70-இல்தான். எழுபதில் நூற்றுக்கு 20 என்றால் 14. ஆக 44. எலி தின்றுவிட்ட கட்டை மழை மறுபடியும் கெடுக்க முடியாது. ஊனத்தைச் சேர்ப்பதும் இதே மாதிரிதான். மத்திய அரசின் ஊன மதிப்பீட்டு வழிகாட்டியில் ஒரு சூத்திரம் இருக்கிறது. பெரிய ஊனத்தை முதலில் வைத்துக்கொள். 90-இலிருந்து அதைக் கழி. மிச்சத்தைச் சின்ன ஊனத்தால் பெருக்கி 90-ஆல் வகு. வந்ததைப் பெரியதோடு கூட்டு. களத்தில் நாம் 100 வைத்த இடத்தில் இங்கே 90, அவ்வளவுதான் வித்தியாசம். உடம்பு முழுவதுக்குமாக மாற்றினபிறகு கால் 30, கை 18 என்றால், 90-இல் 30 போக 60. அறுபதைப் பதினெட்டால் பெருக்கித் தொண்ணூறால் வகுத்தால் 12. ஆக மொத்தம் 42. சும்மா கூட்டினால் 48.

"ஆறு சதவீதத்தை ஏமாத்திட்டாங்களே" என்று கோபப்படாதீர்கள். இந்த 42 கடைசிக் கணக்கும் அல்ல. அது டாக்டரின் கணக்கு. நீதிபதியின் கணக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது.

உடம்பின் ஊனம் வேறு, பிழைப்பின் ஊனம் வேறு. 2010 தீர்ப்பின் உயிர்நாடி இதுதான். இடது கை போன ஒருவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய சம்பாத்தியம் ஏறத்தாழ முழுசும் போனமாதிரி. அதே கை போனவர் சர்க்கார் ஆபீசில் கிளார்க் என்றால் உத்தியோகம் போகாது, சம்பளமும் வரும். ஊனம் ஒன்றே, நட்டம் வேறே. அதனால் நீதிபதி மூன்று படியாகப் பார்க்க வேண்டும். இவரால் இப்போது என்ன செய்ய முடிகிறது, என்ன முடியவில்லை? விபத்துக்கு முன்னே என்ன தொழில், என்ன வயது? அந்தத் தொழிலை முன்போலச் செய்ய முடியுமா, குறைத்துச் செய்ய முடியுமா, வேறு தொழிலாவது செய்ய முடியுமா, எதுவுமே முடியாதா? இதற்குப் பிறகுதான் சம்பாத்திய இழப்பு இத்தனை சதவீதம் என்று எழுதுவார்கள். அந்த வழக்கிலேயே பாருங்கள்: டாக்டர் சொன்னது காலுக்கு 45. முழு உடம்புக்கு 25 என்று கோர்ட்டு எடுத்தது. சம்பாத்தியத்துக்கு 20 என்று வைத்தது. மாதம் 1,500 ரூபாய் வருமானத்துக்கு 64,800 ரூபாய் அந்தத் தலைப்பில் கிடைத்தது. அவருக்குக் கீழே இறங்கின கணக்கு, வேறொருவருக்கு மேலேயும் ஏறும்.

ஏறுவதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். யாரையும் குறித்துச் சொல்லவில்லை, கணக்குக்காக ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 38. பூப் பறிப்பது, களை எடுப்பது இரண்டும் சேர்ந்து மாதம் 9,000 ரூபாய். கால் 30, கை 18, சேர்த்து 42 என்று சான்று. சொந்தத் தொழில், கூலி வேலை செய்கிற 40 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு, வருங்காலத்தில் கூலி உயரும் என்பதற்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 2017-இல் நேஷனல் இன்சூரன்ஸ் கம்பெனி வழக்கில் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். அது இறந்தவர் வழக்கு. காயம்பட்டவருக்கும் உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆக மாதம் 12,600. வருடத்துக்கு 1,51,200. வயதுக்கு ஏற்ற பெருக்கு எண் 2009-இல் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்தது. 36 முதல் 40 வயதுக்கு 15. சான்றில் உள்ள 42-ஐ அப்படியே எடுத்தால் 9,52,560 ரூபாய். ஆனால், காலை மடக்கிக் குத்தவைக்க முடியாததால் களையெடுப்புப் போச்சு, விரல் கூடாததால் பூப்பறிப்பும் போச்சு, இந்த இரண்டு வேலையும்தான் அந்த அம்மாவின் பிழைப்பு என்று ருசுவானால், நீதிபதி 60 என்று வைக்க இடமிருக்கிறது. அப்போது 13,60,800 ரூபாய். வித்தியாசம் நாலு லட்சத்துக்கு மேல். "சின்ன அடிதாங்க" என்று விட்ட விரலின் விலை அதற்குள்ளேதான் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இறந்தவர் வழக்கில் அவருடைய சொந்தச் செலவென்று மூன்றில் ஒரு பங்கு போலக் கழிப்பார்கள். காயம்பட்டு உயிரோடு இருப்பவர் வழக்கில் அந்தக் கழிவு கிடையாது. இதையும் 2010 தீர்ப்பே சொல்லியிருக்கிறது.

"மாதம் 9,000 என்று நான் எப்படி ருசுப்பிக்கிறது? கூலிக்கு யார் சார் ரசீது தர்றாங்க?" நியாயமான கேள்விதான். கர்நாடகத்தில் 24 வயதுக் காய்கறி வியாபாரி ஒருவருக்கு 2008-இல் விபத்தில் கால் போய்விட்டது. 2014-இல் அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், காய்கறி விற்கிறவரிடம் வருமானத்துக்கு எழுத்து ஆதாரம் எதிர்பார்க்க முடியாது என்று சொல்லி, மாதம் 6,500 என்று தானே எடுத்துக்கொண்டது. சம்பாத்திய இழப்பு 85 சதவீதம் என்றும் வைத்தது. காய்கறி விற்பவர் நடந்து திரிந்துதானே விற்க வேண்டும்? ஆகவே ரசீது இல்லை என்பதற்காக மனம் தளர வேண்டியதில்லை. ஆனாலும் இருப்பதைக் காட்டாமல் விடலாமா? பூ மார்க்கெட் கமிஷன் கடைச் சீட்டு, பால் சொசைட்டி அட்டை, நூறுநாள் வேலை அட்டை, பாங்கிப் புத்தகம், எல்லாம் சாட்சிதான். மேஸ்திரியோ தோட்டக்காரரோ கோர்ட்டில் வந்து "இவர் என்னிடம் இந்த வேலை செய்தார், இன்ன கூலி வாங்கினார்" என்று சொல்வது அதைவிடப் பலமான சாட்சி.

சொந்த நிலம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "எனக்கு மூணு ஏக்கர், வருஷத்துக்கு ரெண்டு லட்சம் வருது, அத்தனையும் நட்டம்" என்று மனுவில் எழுதிவிட்டு வருகிறவர்கள் உண்டு. கோர்ட்டு அதை ஒப்புக்கொள்ளாது. 2003-இல் அரியானா மாநில அரசு சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: உழைத்தவர் போனாலும் நிலம் குடும்பத்திடமே இருக்கிறது, ஆகவே விளைச்சல் வருமானம் முழுவதையும் நட்டமாக எடுக்க முடியாது, அவர் செய்த உழைப்புக்கும் மேற்பார்வைக்கும் இப்போது ஆள் வைக்க ஆகிற செலவுதான் கணக்கு. எனவே உழுவது, பாத்தி கட்டுவது, தண்ணீர் கட்டுவது, மருந்தடிப்பது, ராத்திரிக் காவல், சந்தைக்குப் போவது இவற்றில் எதை நீங்களே செய்தீர்கள், இப்போது எதற்கு ஆள் வைத்தீர்கள், நாளுக்கு என்ன கூலி என்று எழுதி வையுங்கள். அடங்கல் நகலும் பட்டா நகலும் கூட இருக்கட்டும். என்னைக் கேட்டால், எங்கள் ஆபீசில் வாங்குகிற வருமானத் தாளைவிட இந்தக் கூலிக் கணக்கு நோட்டுத்தான் உங்களுக்கு அதிகம் உதவும். எங்கள் தாள் பயிரின் வருமானத்தைச் சொல்லும், உங்கள் உடம்பின் உழைப்பைச் சொல்லாது.

நம் மாநிலத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு. ஊனம் இருக்கிறது, ஆனால் சம்பாத்தியம் குறையவில்லை என்றால், ஒரு சதவீதத்துக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கிட்டுத் தருவார்கள். முன்பு 2,000, 3,000 என்று இருந்தது, பிறகு 5,000 வரை ஏறியிருக்கிறது. சிலர் இதையும் வாங்கலாம், பெருக்கு எண் கணக்கையும் வாங்கலாம் என்று நினைக்கிறார்கள். 2006-இல் சோழன் போக்குவரத்துக் கழக வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இதைத் தீர்த்துவிட்டது. வருங்காலச் சம்பாத்திய இழப்புக்கும் மற்ற வேதனைகளுக்கும் தொகை கொடுத்தபின், நிரந்தர ஊனம் என்று இன்னொரு தலைப்புப் போட்டு மறுபடியும் தர வேண்டியதில்லை. மேலே சொன்ன எலியும் மழையும் மாதிரிதான். ஒரு கட்டுக்கு இரண்டு முறை நட்டம் எழுத முடியாது.

இது நம்ம நாட்டு வழக்கம் மட்டுமல்ல. இங்கிலாந்தில் ஒவ்வொரு காயத்துக்கும் முதலில் தனித்தனியாகத் தொகை போட்டுக்கொள்கிறார்கள். பிறகு நீதிபதி, வரப்பில் ஏறி நின்று முழு வயலையும் பார்ப்பதுபோல, மொத்தத்தைப் பார்க்கிறார். ஒரே வேதனைக்கு இரண்டு தடவை பணம் போயிருந்தால் குறைக்கிறார். எல்லாக் காயமும் சேர்ந்து தனித்தனியாக இருப்பதைவிட அதிகக் கஷ்டம் தந்தால் கூட்டவும் செய்கிறார். 2011-இல் அங்கே அப்பீல் கோர்ட்டு இப்படிச் சொன்னது. 2024 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும், கழுத்து வெட்டிழுப்போடு வேறு காயமும் சேர்ந்த வழக்குகளில் இந்த வழியை ஒட்டியே போனது. பாதை வேறு, ஊர் ஒன்று.

ஆனால் ஒரு சட்டத்தில் மட்டும் கூட்டல் உண்டு. வேலை செய்யும்போது அடிபட்ட தொழிலாளிக்கான 1923-ஆம் ஆண்டுச் சட்டம் அது. 2025 நவம்பர் 21 முதல் அது 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டது. இதில் விலைப்பட்டியல் மாதிரியே ஓர் அட்டவணை இருக்கிறது. பெருவிரல் போனால் 30 சதவீதம், ஆட்காட்டி விரல் முழுசும் போனால் 14, ஒரு கையில் நாலு விரலும் போனால் 50. ஒரே விபத்தில் பல காயம் என்றால் இவற்றைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் முழு ஊனத்துக்கு உள்ள தொகையைத் தாண்டக் கூடாது. கதிரடிக்கிற மிஷினில் கை போகிறவர்களுக்காக 1983-இல் அபாயகர இயந்திரங்கள் சட்டம் என்று தனியாகவும் ஒன்று வந்தது. அதைப் பற்றி இன்னொரு நாள் பேச வேண்டும். இயந்திரத்துக்குப் பாதுகாப்புத் தகடு போடாமல் கதிரடிக்கிற களம் இன்னமும் இருக்கிறது.

சரி, கோர்ட்டில் ஒவ்வொரு காயமும் எண்ணத்தில் ஏற என்ன செய்ய வேண்டும்?

அடிபட்ட அன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும். க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, அங்கிருந்து மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோகிறார்கள். அங்கே முதலில் எழுதுகிற விபத்துப் பதிவேட்டில் என்ன காயம் எழுதியிருக்கிறதோ அதுதான் அஸ்திவாரம். பெரிய காயத்தில் ரத்தம் போகும்போது டாக்டர் அதைத்தான் பார்ப்பார், அது சரியும்கூட. ஆனால் இரண்டு மூன்று நாளில், கூட இருக்கிறவர் தலைமுதல் கால்வரை எங்கெங்கே வலி என்று கேட்டு டாக்டரிடமோ நர்சிடமோ சொல்லி நோயாளித் தாளில் எழுதச் சொல்ல வேண்டும். தோள்பட்டை தூக்க முடியவில்லை, காதில் இரைச்சல், பல் ஆடுகிறது, ஒரு கண் மங்கல், ராத்திரித் தூக்கம் இல்லை, ஞாபகம் தப்புகிறது, எதையும் விடாதீர்கள். தலையில் அடிபட்டவருக்கு இதெல்லாம் மெதுவாகத்தான் தெரியவரும். ஆறு மாதம் கழித்துக் கோர்ட்டில் போய், "தோளும் வலிக்கிறது" என்றால், இன்சூரன்ஸ் வக்கீல் முதல் நாள் தாளைக் காட்டி, "அன்றைக்கு இல்லாத காயம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார். கேட்பது அவர் தொழில்.

டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன், ஓ.பி. சீட்டு, மருந்துக்கடைப் பில், ஆட்டோக்காரர் எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு உறி கட்டித் தொங்கவிடுங்கள். கரையானும் மழைத் தண்ணீரும் படாமல் இருக்கட்டும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், அதனால் நட்டஈடு குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். பில் தலைப்புத்தான் குறையும், மற்றத் தலைப்புகள் அப்படியே நிற்கும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது மனைவிதானே, அம்மாதானே என்று அதையும் விட்டுவிடாதீர்கள். 2020-இல் அரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுமியின் வழக்கில், விபத்தில் மூளை அடிபட்டு முழு ஊனமான அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இரண்டு ஆள் வேண்டும் என்று வைத்து, மாதம் 10,000 வீதம் பெருக்கு எண் 18-ஆல் பெருக்கி 21,60,000 ரூபாயை உதவியாளர் செலவுக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் கொடுத்தது.

ஊனச் சான்று விஷயத்தில் குறுக்குவழி வேண்டாம். வைத்தியம் பார்க்காத ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய், இத்தனை சதவீதம் என்று தாராளமாக எழுதி வாங்கித் தருகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இப்படித் தயாராக வைத்திருக்கிற சான்றுகளை எச்சரிக்கையோடு பார்க்கும்படி 2010 தீர்ப்பே தீர்ப்பாயங்களுக்குச் சொல்லியிருக்கிறது. வைத்தியம் பார்த்தவரோ, ஊனத்தைச் சோதித்துச் சான்று கொடுத்தவரோ கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். வெறும் தாள் நிற்காது. தேவைப்பட்டால் மருத்துவக் குழுவுக்கே அனுப்பச் சொல்லி நாமே கேட்கலாம். டாக்டரைக் கேட்கும்போது சதவீதத்தோடு நிறுத்தாமல், "இவரால் குத்தவைக்க முடியுமா? தலைச்சுமை தூக்க முடியுமா? மொட்டைக் கிள்ள முடியுமா? கைத்தறியில் மிதி மிதிக்க முடியுமா?" என்று வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். சக்கம்பட்டி நெசவாளிக்குக் காலும் கையும் சேர்ந்தால்தான் தறி ஓடும் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். பதிவேட்டில் ஏறினால்தான் நீதிபதிக்குத் தெரியும்.

மனு எங்கே போடுவது? மலைமேல், கேரளாவில் விபத்து நடந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கிற இடம், எதிர்த்தரப்பார் இருக்கிற இடம் எதிலும் போடலாம் என்று சட்டம் சொல்கிறது. நம் மாவட்டத்தில் தேனி, பெரியகுளம், உத்தமபாளையம் கோர்ட்டுகள் இருக்கின்றன. கெடு ஆறு மாதம். 2019 திருத்தத்தால் வந்த இந்தக் கெடு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதை எதிர்த்த வழக்கில், தாமதம் என்பதற்காக மட்டும் மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவதுதான் நல்லது. எல்லாக் காயமும் ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மனுவில் காயங்களை மட்டும் முழுசாக எழுதிவிடுங்கள், ஊனச் சான்று பின்னால் வரலாம்.

ஜீப்பில் அளவுக்கு மீறி ஆளேற்றியிருந்தால் ஒரு சிக்கல் வரும். இன்சூரன்ஸ் எத்தனை பேருக்கோ அத்தனை பேர் அளவுக்குத்தான் கம்பெனி பொறுப்பு. 2007-இல் நேஷனல் இன்சூரன்ஸ் கம்பெனியின் இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது. தீர்ப்பான தொகைகளில் பெரியவையாக அந்த எண்ணிக்கைக்கு எடுத்து, அந்த மொத்தத்தைக் கம்பெனி கட்ட வேண்டும். அது எல்லோருக்கும் விகிதப்படி பங்காகும். மிச்சத்தை வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலிக்க வேண்டும். சொந்தக்காரரிடம் வசூலிப்பது எவ்வளவு லேசான காரியம் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஜீப்பில் பதினைந்தாவது ஆளாக ஏறும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

தீர்ப்பான தொகைக்கு, மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி உண்டு. நம் பக்கத்துத் தீர்ப்புகளில் பெரும்பாலும் ஏழரை சதவீதம் போடுகிறார்கள். தொகை போதாது, ஏதாவது காயத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்று தோன்றினால், தீர்ப்பு நகலில் தலைப்பு வாரியாக எழுதியிருக்கும் பட்டியலை வக்கீலோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அப்பீல் போடலாம்.